வண்டியை எடுக்கும் முன் ஒரு நிமிடம் கொடுங்கள்: மோட்டார் வாகன ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் ஓட்டுநர் தேர்வு நடத்தும் மோட்டார் வாகன ஆய்வாளர்களுக்கு வணக்கம்.

தென்மாவட்டம் ஒன்றில், சிறிய ஊரில், பெண்களுக்கு ஸ்கூட்டரும் காரும் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறேன். 2018இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு மானியத்தில் ஸ்கூட்டர் தரும் அம்மா இருசக்கர வாகனத் திட்டம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஸ்கூட்டருக்காக லைசென்ஸ் எடுக்க வந்த அக்காக்கள், நாற்பது வயதைத் தாண்டி முதன்முதலாக ஹேண்டில்பாரைப் பிடித்தவர்கள், மாமனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒவ்வொரு தடவையும் ஆட்டோவுக்கு அலைய முடியாது என்று கார் பழக வந்த மருமகள்கள், இவர்கள்தான் என் மாணவிகள். இவர்களை உங்கள் முன்னால் கொண்டு வந்து நிறுத்துவது என் வேலை. அந்த இடத்தில் நின்று நான் பார்ப்பதைத்தான் எழுதுகிறேன்.

நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள் உங்கள் கிரவுண்டில் ஓட்ட முடியாமல் போகிறார்கள். முந்தின நாள் மாலை பஸ் ஸ்டாண்டு நெரிசலில் பதறாமல் வண்டியைக் கொண்டுவந்த பெண், மறுநாள் காலையில் உங்கள் எதிரே முதல் கியரைப் போட மறந்து ஆக்சிலேட்டரை மிதிக்கிறார். அது திறமைக் குறைவு இல்லை, பயம். அந்தப் பயத்தில் பாதியை நாங்கள் பயிற்சியில் போக்க வேண்டும், அது எங்கள் பொறுப்பு. மீதிப் பாதி தேர்வு நடக்கும் விதத்தில் இருக்கிறது. அதை நீங்கள் மட்டுமே குறைக்க முடியும்.

பயம் வண்டியை என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்கிறேன். உங்களுக்குத் தெரியாததில்லை, ஆனாலும் மாணவியின் பக்கத்திலிருந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எட்டு போடுவதை எடுத்துக்கொள்வோம். இருசக்கர வாகனம் ஓரளவு வேகத்தில் போகும்வரை தானாகவே நேராக நிற்கும். வேகம் குறையக் குறைய ஆட ஆரம்பிக்கும். எட்டின் வளைவில் மெதுவாகத்தான் போக முடியும் என்பதால், அங்கே கொஞ்சம் ஆக்சிலேட்டரை விடாமல் பிடித்துக்கொண்டு, பின் பிரேக்கை லேசாகத் தொட்டு, கண்ணை அடுத்த வளைவுக்குக் கொண்டுபோக வேண்டும். இது பழகினவர்களுக்குத் தானாக வரும். ஆனால் பயந்த உடம்பு முதலில் செய்யும் காரியம் ஆக்சிலேட்டரை மூடுவது. அடுத்தது கோட்டைத் தொட்டுவிடுவோமோ என்று குனிந்து முன் சக்கரத்தைப் பார்ப்பது. இந்த இரண்டும் சேர்ந்தால் எப்பேர்ப்பட்ட ஓட்டுநருக்கும் வண்டி சாயும். கால் தரையில் ஊன்றும். ‘பெயில், அடுத்த ஆளு வாங்க’ என்று குரல் வரும். அந்தப் பெண்ணுக்கு எட்டு போடத் தெரியும். பயம் கையைப் பின்னால் இழுத்துவிட்டது, அவ்வளவுதான்.

காரில் இது இடது காலில் தெரியும். பதற்றத்தில் கால் கிளட்சை முழுசாக விடவும் மாட்டேன் என்கிறது, அமுக்கவும் மாட்டேன் என்கிறது. பாதியிலேயே தொங்கிக்கொண்டு நிற்கும். குதிகால் தரையில் ஊன்றாமல் அந்தரத்தில் இருக்கும்போது தொடை சீக்கிரம் அசந்து, முழங்கால் கிடுகிடுவென்று ஆடத் தொடங்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் அது தெரியும். தனக்குக் கால் நடுங்குவதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்பது அவருக்கும் தெரியும். அப்புறம் கால் நழுவி, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி ஆஃப் ஆகிவிடும்.

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15ஆவது விதி ஓட்டுநர் தேர்வைப் பற்றியது. விண்ணப்பதாரர் என்னென்ன செய்துகாட்ட வேண்டும் என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. கியர் மாற்றுவது, மேட்டில் நிறுத்திப் பின்னால் உருளாமல் மறுபடி எடுப்பது, முந்துவது, கையாலோ விளக்காலோ தெளிவாக சிக்னல் கொடுப்பது, பின்பக்கமாக எடுத்துக் குறுகலான இடத்தில் நுழைப்பது என்று நீண்டுகொண்டே போகும். அந்தப் பட்டியலில் முதலாவதாக இருப்பது பின்னால் பார்க்கும் கண்ணாடியைச் சரிசெய்வது. இரண்டாவது, இன்ஜினை இயக்கும் முன் எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கைகள்.

அதாவது வண்டி நகர்வதற்கு முன்பே தேர்வு தொடங்கிவிடுகிறது. உட்கார்ந்து, சீட்டைத் தனக்கேற்ப இழுத்து, கண்ணாடியைத் திருப்பி, பெல்ட் போட்டு, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்து, ஹேண்ட் பிரேக்கைச் சரிபார்த்து, அதன்பிறகுதான் சாவி. ஒழுங்காகச் செய்தால் இதற்கு ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தில் மூச்சு சீராகிறது, கை பழகின இடங்களைத் தொட்டுத் தொட்டுத் தெம்படைகிறது. நான் பார்த்தவரை பதற்றத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. சட்டமே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது.

நடப்பது என்ன? ஒரே டிரைவிங் ஸ்கூல் கார். ஒருவர் இறங்க அடுத்தவர் ஏறுகிறார். போன முறை ஆறடி உயர இளைஞர் ஒருவர் ஓட்டி முடித்து இறங்கிய சீட்டில் என் மாணவி ஏறினார். குள்ளமானவர். சீட் கடைசிவரை பின்னால் போயிருந்தது. கிளட்சை அடிவரை மிதிக்க அவர் முதுகைச் சீட்டிலிருந்து எடுத்து முன்னால் சரிய வேண்டியிருந்தது. உள்கண்ணாடியில் அவருக்குக் காரின் கூரைதான் தெரிந்திருக்கும். சீட்டை இழுக்கும் கம்பி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், ஒவ்வொரு வகுப்பிலும் அதைத்தான் முதலில் செய்வார். கை கீழே போகவும் செய்தது. அதற்குள், ‘ம்... எடுங்க எடுங்க, பின்னாடி எத்தனை பேர் நிக்கிறாங்க பாருங்க’ என்று குரல் வந்தது. கை மேலே வந்துவிட்டது. எட்டாத கிளட்சோடு வண்டியை எடுத்தார். இரண்டு தடவை ஆஃப் ஆனது. மூன்றாவது தடவைக்கு இடமிருக்கவில்லை.

அந்த ஆய்வாளர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. வெயிலில் நின்று, வரிசையாக வரும் வண்டிகளுக்கும் தகுதிச் சான்று பார்த்து, தேர்வும் நடத்தி, மதியத்துக்குள் முடித்துவிட்டு அலுவலகத்துக்கு ஓட வேண்டிய நெருக்கடி அவருக்கு. அது எனக்குத் தெரியும். ஆனால் ‘எடுங்க எடுங்க’ என்ற அந்த அவசரத்தில் பட்டியலின் முதல் இரண்டு அம்சங்களும் தேர்விலிருந்தே போய்விடுகின்றன. கண்ணாடியைச் சரிசெய்யாமல் வண்டியை எடுப்பவர் தேறுகிறார், சரிசெய்யப் போனவர் திட்டு வாங்குகிறார். ரோட்டில் நாம் பார்க்க விரும்புவது இதற்கு நேர்மாறானது இல்லையா?

ஆகவே முதல் கோரிக்கை. ஏறியதும், ‘சீட், கண்ணாடி, பெல்ட் எல்லாம் பார்த்துக்கோங்க, அவசரமில்லை, தயாரானதும் சொல்லுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஸ்கூட்டரில் வருபவருக்கும் அப்படியே. ஹெல்மெட் பக்கிளைப் போட்டு, ஸ்டாண்டை எடுத்து, கண்ணாடியைத் திருப்பிக்கொள்ள நேரம் கொடுங்கள். இதைச் செய்யாதவருக்கு மதிப்பெண் குறையுங்கள், எனக்கு ஆட்சேபணையே இல்லை. செய்பவரை மட்டும் விரட்ட வேண்டாம்.

அடுத்தது, தெரியாததால் வரும் பயம். எது பெயில், எது பெயில் இல்லை என்று வெளியே நிற்கும் யாருக்கும் தெரியாது. கால் ஊன்றினால் போச்சு என்கிறார் ஒருவர். ஒரு தடவை ஊன்றலாம், போன மாதம் என் மச்சானுக்கு விட்டுவிட்டார்கள் என்கிறார் இன்னொருவர். காரில் வண்டி ஆஃப் ஆனால் அதோடு முடிந்தது என்று ஒரு வதந்தி. அதனால் ஆஃப் ஆனதும் என் மாணவிகள் மனம் உடைந்து ஸ்டியரிங்கை விட்டுவிடுகிறார்கள். நான் சொல்லிக் கொடுப்பது இது: ஆஃப் ஆனால் பிரேக்கை மிதி, ஹேண்ட் பிரேக்கைப் போடு, நியூட்ரலுக்கு வா, சுற்றிப் பார், மறுபடி ஸ்டார்ட் செய். நடுரோட்டில் வண்டி நின்றுபோனால் ஒரு நல்ல ஓட்டுநர் செய்ய வேண்டியதும் இதுதானே. நின்றுபோன வண்டியைப் பதறாமல் மறுபடி எடுப்பவரைப் பார்த்தால் உங்களுக்கே நம்பிக்கை வர வேண்டும்.

பிரிட்டனில் இதை வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். காருக்கான தேர்வில் சின்னத் தவறுகள் 15 வரை இருந்தாலும் தேறலாம், ஆபத்தான பெருந்தவறு ஒன்று செய்தாலே தோல்விதான். தேர்வர் சொன்ன வழியை விட்டு வேறு தெருவில் திரும்பிவிட்டால் அது தவறே இல்லை, பாதுகாப்பாகத் திரும்பினாரா என்பதைத்தான் பார்ப்பார்கள். வேண்டுமென்றால் பயிற்சியாளரைக் காரின் பின் சீட்டில் உட்கார வைத்துக்கொள்ளலாம். முடிந்ததும் எங்கே தவறினார் என்று சொல்லிவிடுவார்கள். அங்கேயும் தேர்வு சுலபமில்லை, நிறையப் பேர் தோற்கிறார்கள். ஆனால் எதில் தோற்றோம் என்று தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

நம் கிரவுண்டிலும் ஒரு பலகை போதும். எந்த வரிசையில் என்ன செய்யச் சொல்வோம், எது உடனடித் தோல்வி, எதற்கு மறுவாய்ப்பு உண்டு என்று பெரிய எழுத்தில், தமிழில். காத்திருக்கும் நேரத்தில் வாசித்துக்கொள்வார்கள். ஆய்வாளருக்கு ஆய்வாளர் அளவுகோல் மாறாமல் இருக்கவும் அது உதவும்.

தோற்றவரிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியனுப்புங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ‘வளைவில் ஆக்சிலேட்டரை விட்டுட்டீங்க, அதைப் பழகிட்டு வாங்க.’ இதற்கு ஐந்து விநாடிதான். ஏன் தோற்றோம் என்று தெரியாதவர் அடுத்த முறை இரண்டு மடங்கு பயத்தோடு வருகிறார். கூடவே சட்டம் சொல்வதையும் சொல்லிவிடலாம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி 7 நாள் கழித்து மறுபடி தேர்வுக்கு வரலாம். 3 முறை தேறாவிட்டால்தான் 60 நாள் காத்திருக்க வேண்டும். பழகுநர் உரிமம் 6 மாதம் செல்லும். இவ்வளவு அவகாசம் இருக்கிறது என்பது தெரியாமல், இன்று விட்டால் எல்லாம் போச்சு என்ற நினைப்போடு வண்டியில் ஏறுகிறவர்கள் ஏராளம். நான் என் மாணவிகளுக்குத் தேர்வுக்கு முந்தின நாள் இதைத்தான் கடைசியாகச் சொல்லி அனுப்புவேன். நான் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் நூறு மடங்கு எடை.

பயத்தில் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். கேட்டுக்கு வெளியே நிற்கும் புரோக்கர் என்ன சொல்லி ஆளைப் பிடிக்கிறார் என்று கேட்டிருக்கிறீர்களா? ‘அக்கா, நீங்களா போனா இன்ஸ்பெக்டர் கண்டிப்பா பெயில் பண்ணிடுவாரு.’ ஓட்டத் தெரியாதவர் மட்டும் அவரிடம் போவதில்லை. நன்றாக ஓட்டத் தெரிந்த என் மாணவிகளே, தோற்றுவிட்டால் வீட்டில் என்ன சொல்வார்களோ என்று பயந்து பணம் கொடுக்கத் தயாராகிறார்கள். அவர்களைத் தடுத்து வரிசையில் நிறுத்துவது பாடம் எடுப்பதைவிடக் கஷ்டமான வேலையாக இருக்கிறது. பலகையும் அந்த ஒரு நிமிடமும் வந்துவிட்டால் புரோக்கரின் பேச்சு எடுபடாது.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று. ஸ்லாட் காலையில் என்று காலையிலேயே வந்துவிடுகிறார்கள். முறை வரும்போது சில சமயம் உச்சிவெயில். பல கிரவுண்டுகளில் நிழல் என்றால் ஒரு வேப்பமரம்தான், பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. அதனால் வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து அவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை. சிலர் சாப்பிடுவதும் இல்லை. பசியும் தாகமும் வெயிலும் சேர்ந்தால் கை நடுங்காமல் என்ன செய்யும்? இது மனோதைரியம் சம்பந்தப்பட்டதே இல்லை. கழிப்பறை கட்டுவது உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். ஆனால் ‘பெண் விண்ணப்பதாரர்கள் இவ்வளவு பேர் வருகிறார்கள், வசதி வேண்டும்’ என்று மேலே எழுத உங்களால் முடியும். பத்து பத்துப் பேராக நேரம் பிரித்துக் கூப்பிடவும் முடியும்.

இன்னொன்று, கிரவுண்டு ஓரத்தில் நின்று கத்தும் கூட்டம். கணவர், அண்ணன், பக்கத்து டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் என்று ஆளுக்கொரு பக்கம். ‘ஏய், ரைட்ல ஒடி, ஒடி!’ ‘கால வைக்காத!’ வளைவில் இருப்பவர் எந்தக் குரலைக் கேட்பார்? தேர்வு நடக்கும்போது எட்டுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது என்று நீங்கள் ஒருமுறை அதட்டினால் போதும். எங்கள் பேச்சை அவர்கள் கேட்பதில்லை.

எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். என் தொழிலில் இருக்கும் சிலர் மாணவர்களைப் பயமுறுத்தியே பழக்குகிறார்கள். ‘பிரேக் இன்ஸ்பெக்டர்கிட்ட இப்படி ஓட்டினா அவ்வளவுதான்’ என்பதே அவர்கள் பாடம். அது மாற வேண்டும், மாற்றச் சொல்லிப் பேசிக்கொண்டிருக்கிறேன். நான் கடைசி வாரத்தில் நாலு தெரியாத ஆட்களை நிற்க வைத்து, அவர்கள் பார்க்கப் பார்க்க எட்டு போடச் சொல்கிறேன். யாராவது பார்க்கும்போது ஓட்டுவதும் ஒரு தனிப் பழக்கம்தான். வண்டி இல்லாமல் கோட்டின் மேல் நடந்து, எந்த இடத்தில் கண்ணைத் திருப்ப வேண்டும் என்று கால் பழகும்வரை சுற்றச் சொல்கிறேன். காரில் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிச் செய்ய வைக்கிறேன்: கண்ணாடி, சிக்னல், கியர், ஹேண்ட் பிரேக். வாய் பேசிக்கொண்டிருந்தால் மூச்சை அடக்க முடியாது. பயந்தவர்கள் தங்களை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். மெதுவாக, நீளமாக வெளியே விட்டால் படபடப்பு தணியும். தேர்வன்று காலை இரண்டு இட்லியாவது சாப்பிட்டு வா, காபியைக் குறை, வழக்கமாகப் போடும் செருப்பையே போடு, புதுச் சேலையும் புதுச் செருப்பும் இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறேன். உங்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்லி ஓட்டும் பெண்ணைப் பார்த்தால் தயவுசெய்து ‘என்ன முணுமுணுக்கிறீங்க’ என்று கேட்காதீர்கள். நான் பழக்கியது அது.

‘இப்படிப் பயப்படுகிறவருக்கு எதற்கு லைசென்ஸ், ரோட்டில் லாரி எதிரே வந்தால் என்ன செய்வார்?’ என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2022இல் இந்தியாவிலேயே அதிக சாலை விபத்துகள் நம் மாநிலத்தில்தான் நடந்தன. மத்திய அரசின் கணக்குப்படி 64,105 விபத்துகள், 17,884 பேர் உயிரிழப்பு. அந்த எண்ணிக்கையைத் தெரிந்துகொண்டு நான் சலுகை கேட்க மாட்டேன். ஓட்டத் தெரியாதவரைத் தயங்காமல் தோற்கடியுங்கள், என் மாணவியாக இருந்தாலும் சரி. ஆனால் ரோட்டில் வரும் பயமும் தேர்வில் வரும் பயமும் ஒன்றல்ல. லாரி எதிரே வரும்போது என் மாணவி ஓரம் கட்டி நிற்கிறார், பழகிய காரியம் அது. தேர்வில் அவரைக் குலைப்பது, ஒரு அதிகாரி தன்னை எடைபோடுகிறார் என்ற எண்ணம். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு யாரும் அவரைப் பரீட்சை வைத்துப் பார்த்ததில்லை. வீட்டில் எல்லாரும், ‘உனக்கெதுக்கு இந்த வயசுல இதெல்லாம்’ என்று சொன்னதையும் மீறி வந்து நிற்கிறார். இன்னொரு பக்கம், பயமே இல்லாமல் ஒற்றைக் கையில் எட்டு போட்டுவிட்டுப் போகும் பையனும் உங்கள் முன்னால்தான் வருகிறான். அவன் கண்ணாடியைப் பார்த்தானா, சிக்னல் போட்டானா என்று கவனித்தால், ரோட்டுக்கு யார் ஆபத்து என்பது உங்களுக்குத்தான் முதலில் தெரியும். பயத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால்தான் யாருக்கு எவ்வளவு ஓட்டத் தெரியும் என்று உங்களால் சரியாக அளக்க முடியும்.

இதையெல்லாம் செய்கிற ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். ‘என்னம்மா, சாப்பிட்டீங்களா? பயப்படாதீங்க, தினம் ஓட்டற மாதிரி ஓட்டுங்க’ என்று ஒரு பெண் ஆய்வாளர் என் மாணவியிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அவரிடம் தோற்றவர்களும் முகம் சுண்டாமல் திரும்பினார்கள். அதற்கு அரசாணை எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

பலகை எழுதி வைக்க நிதி இல்லை என்றால் சொல்லுங்கள். எங்கள் பகுதியில் நான்கைந்து பயிற்சியாளர்கள் சேர்ந்து பெயிண்டுக்கும் ஆளுக்கும் பணம் போடத் தயாராக இருக்கிறோம். என்ன எழுத வேண்டும் என்பதை நீங்கள் கையெழுத்திட்டுத் தந்தால் போதும். அடுத்த தேர்வு நாளுக்கு முன்னால் மாட்டிவிடலாம்.

இப்படிக்கு,
பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுத்தரும் ஒரு பயிற்சியாளர்